ஒட்வார் ஏறிய கடைசிப் படகு

அப்பாக்களில் பல இனம் உண்டு. நாம் பார்க்கப்போவது படகுத்துறை அப்பா. நார்வேயின் மேற்குக் கரையில், சாலை கடலில் போய் முடிந்து, வண்டியோடு படகேற வேண்டிய இடங்களில் இவரைக் காணலாம். வரிசையில் எங்கே? முதலில். வேறெங்கே?

ராக்ன்ஹில்டின் அப்பா ஒட்வார் இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி. பத்து மணிப் படகுக்கு எட்டு மணிக்கே வந்து, வெள்ளைக் கோட்டில் முன்சக்கரத்தைப் பிசகாமல் நிறுத்தி, பிளாஸ்கைத் திறந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை மடியில் பிரித்து, பின்னால் வந்து சேரும் ஒவ்வொரு வண்டியையும் கண்ணாடியில் பார்த்து, "இவன் இப்பதான் எந்திரிச்சிருக்கான்" என்பார். கோடைதோறும் மூன்று வாரம் டென்மார்க், ஸ்வீடன், நார்வே என்று குடும்பத்தோடு சுற்றுவார். பிள்ளைகள் பார்த்ததெல்லாம் படகுத்துறைகள்.

"அப்பா, அந்தக் கோட்டை?"

"படகுல இருந்தே தெரியும்."

மார்ச்சில் இறந்துபோனார். ஜூலையில் அவர் அஸ்தி டிக்கியில் இருந்தது. கடலில் கரைக்க அரசு அனுமதியும் இருந்தது. அக்கரையில் சித்தப்பா தன் மீன்பிடிப் படகோடு மூன்று மணிவரைதான் காத்திருப்பார். அதற்குமேல் காற்று விடாது. மறுநாள் தம்பி ஐவிண்ட் நடுக்கடல் எண்ணெய்த் தளத்துக்கு வேலைக்குப் போயாக வேண்டும்.

"சீக்கிரம் போயிடலாம்க்கா."

"அப்பா மாதிரி ஆரம்பிக்காதடா."

ராக்ன்ஹில்ட் பம்பு வடிவமைக்கும் பொறியாளர். படகில் ஐம்பது வண்டிக்கு இடம். வழக்கமாக வருவது முப்பத்தெட்டு. பத்து நிமிடம் முன்னால் போனால் போதும் என்று கணக்குப் போட்டாள். வழியில் வாஃபிள் கூடச் சாப்பிட்டார்கள். ஜெர்மன்காரர்கள் காருக்குப் பின்னால் இழுத்துவரும் வீட்டுவண்டிகளைத்தான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

வரிசையில் ஐம்பத்து மூன்றாவது இடம்.

இறங்கி ஓடினாள். வண்டிகளைப் படகில் ஏற்றிவிடும் மஞ்சள் சட்டைக்காரர் ஏற்கெனவே கையை விரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுலயே போயாகணும்."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா. ஆம்புலன்ஸ்னா விடுவேன். நோயாளி இருக்காங்களா?"

"இல்ல. அப்பா இருக்காரு."

"எங்க?"

"டிக்கியில. குளிர்பெட்டிக்குப் பக்கத்துல."

அவர் தொப்பியைக் கழற்றினார். "பேரு?"

"ஒட்வார் ஹெல்லெசுண்ட்."

"பச்சை வண்டி ஒட்வாரா? நாங்க டியூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்து நிப்பாரே, அவரா?"

"அவரேதான்."

"அம்பத்தி மூணாவதாவா நிக்கிறாரு? ஐயய்யோ!"

விசில் ஊதினார். ஐம்பத்திரண்டு வண்டிகளையும் நிற்க வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் பாதை வழியாக ஒட்வாரை வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு ஜெர்மன்காரர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். ஒட்வாருக்குப் பிடித்திருக்கும் மனிதர்.

"அப்பா இதை ஒத்துக்கவே மாட்டாருக்கா" என்றான் ஐவிண்ட்.

"ஏன்டா?"

"காத்திருக்காமலே ஏறுறாரே."

சிரித்தாள். நடுக்கடல் வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒட்வார் கடலில் இறங்கினார். முன்கூட்டியேதான். பிறகு சித்தப்பா வீட்டில் காபி. திரும்பும் படகு ஏழு மணிக்கு. நாலரைக்கு ராக்ன்ஹில்ட் எழுந்தாள்.

"கிளம்பலாமா?"

ஐவிண்ட் அவளையே பார்த்தான்.

"சும்மாதான்டா. கூட்டம் இருக்கும்."

வாசகரே, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? பத்து மணி ரயிலுக்கு எட்டு மணிக்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவனைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவரா? உங்கள் டிக்கியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.