தாலிச் சரட்டில் ஒரு விசில்

டவுன் பஸ் கண்டக்டர் விசில் ஊதினால் மற்றவர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. நேற்றும் காவிரிப் பாலத்தில் ஒருவர் ஊதினார். காற்றில்லாத, எச்சில் ஊறிய, கடனே என்று ஓர் ஊதல். என் அக்கா கேட்டிருந்தால் நடுப்பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி அவருக்குப் பாடம் நடத்தியிருப்பாள்.

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாள் ஒருவரைத் தவிர மற்ற அத்தனை பேரையும் ஒரே ஊதலில் எழுப்பி நிறுத்தியவள் அவள். தெருவில் அவளுக்குப் பெயரே கிடையாது. விசிலக்கா. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

போன மாதம் அவளுடைய காரியத்துக்கு வந்தவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவளைப் புகழ்ந்தார்கள். "என்ன கைப்பக்குவம்! அந்த வத்தக்குழம்பு இனிமே வருமா?" என்றார் ஒருவர். "பொறுமைன்னா அப்படியொரு பொறுமைங்க. பூமாதேவி!" என்றார் பக்கத்து இலைக்காரர். பொறுமையா! யாருக்கு? அத்தனை பேர் சாப்பிட்டு எழுந்தார்கள். ஒரு வாய்கூட விசில் என்று சொல்லவில்லை. வத்தக்குழம்பாம், வத்தக்குழம்பு. உண்மையைச் சொல்கிறேன், அவள் வைத்த வத்தக்குழம்பு சுமார்தான். மாட்ச் நடக்கிற நாளில் அடிப்பிடித்தும் இருக்கும். பாயசம் வரும் முன்பே நான் இலையை மடித்துவிட்டேன். அந்தச் சூடு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விசில் அத்தானுடையது. அத்தான் ரயில்வேயில் கார்டு. புது விசில் கிடைத்ததும் பழசை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மற்ற பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைப்பார்கள், அவசரத்துக்கு உதவுமே என்று. அக்கா ஊக்குகளுக்கு நடுவே விசிலை மாட்டினாள். அவளுடைய மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு விசில் கேட்டதும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

நீளமாக ஒன்று என்றால் சாப்பாடு. இரண்டு, குளியல். மூன்று, புஸ்தகம். எனக்கு ஏழு வயதில் அம்மா போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவள்தான். அவள் மகன் முத்துவுக்கும் எனக்கும் ஒரே விசில், ஒரே உதை, ஒரே கேழ்வரகுக் கஞ்சி. "கால்ல பலம் இல்லாதவனுக்கு வாய் எதுக்குடா?" என்று ஊறவைத்த நிலக்கடலையை எங்கள் வாயில் திணிப்பாள்.

அந்த முத்து பிறந்த கதையே தனி. இடுப்பு வலியோடு அவளைக் குதிரை வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பாலத்தில் போகும்போது கீழே காவிரி மணலில் சடுகுடு நடந்துகொண்டிருந்தது; ஒருத்தன் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் நுழைந்திருந்தான். "வண்டியை நிறுத்துங்க. இந்தப் பாட்டு முடியட்டும்" என்றாள். "யம்மா, குழந்தை வண்டியிலேயே பொறந்துரும்மா!" என்று வண்டிக்காரர் அழுதேவிட்டார். "பொறக்கட்டுமே, அதுவும் பாக்கட்டும்!"

அந்தப் பாலத்தில்தான் எங்களுக்கு ஓட்டப் பயிற்சி. அவள் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நானும் முத்துவும் பஸ்ஸோடு ஓட வேண்டும். பின்தங்கினால் ஜன்னல் வழியே ஊதுவாள். ஒரு நாள் அந்த ஊதலைக் கண்டக்டருடையது என்று நினைத்து டிரைவர் சடக்கென்று பிரேக் போட, பஸ்ஸில் நின்றிருந்த அத்தனை பேரும் முன்னால் சரிந்தார்கள்.

"யம்மா! பஸ்ஸுல ஒரு விசில்தான்!" என்று கத்தினார் கண்டக்டர்.

"அப்ப அந்த ஒண்ணை ஒழுங்கா ஊதுங்க. உங்க விசிலுக்கு ஈகூட எழுந்திருக்காது" என்றாள் அக்கா.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. சுண்ணாம்பால் கோடு போட்டு, ஊர் கூடி, கப் வைத்து நடக்கிற நிஜ மாட்ச் ஒன்றுக்கு அவள் ஊத வேண்டும். "ஒண்ணே ஒண்ணுடா, அப்புறம் செத்தாலும் சரி" என்பாள். சடுகுடுவின் சட்டமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மணலில் விளையாடும் பிள்ளைகளின் சண்டையெல்லாம் அவளிடம்தான் தீர்ப்புக்கு வரும். ஆனால் கோடு போட்ட மாட்ச்சுக்கு யார் கூப்பிடுவார்கள்?

கூப்பிட்டார்கள். ஐம்பதுகளின் கடைசியில், ஒரு கோடையில். அம்மா மண்டபப் படித்துறைக்குக் கீழே மணலில் எங்களுக்கும் ஜீயபுரத்துக்காரர்களுக்கும் ஃபைனல். வர வேண்டிய ரெஃப்ரி பஸ்ஸைத் தவறவிட்டார். "விசிலக்காவைக் கூப்பிடுங்கடா!" என்று கூட்டமே கத்தியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டருகே வந்து நின்றாள். சரட்டிலிருந்து விசிலைக் கழற்றினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வற்றிக் கிடந்த ஆற்றில் அவள் ஒருத்திக்கு மட்டும் தண்ணீர் வந்த மாதிரி இருந்தது.

கடைசிப் பாட்டு. இரண்டு பக்கமும் சமம். எங்கள் பக்கத்தில் மிச்சம் நான் ஒருத்தன்தான். என்னைத் தொட்டுவிட்டால் கப் அவர்களுக்கு. ஜீயபுரத்துக்காரன் சடுகுடு சடுகுடு என்று மூச்சு விடாமல் பாடி வந்தான், பாய்ந்தான், நான் விலகினேன். திரும்பும்போது காலைப் பின்னால் வீசினான்.

விசில்.

அக்காவின் விரல் என்னைக் காட்டியது. "அவுட்!"

பட்டது. பட்டது எனக்குத் தெரியும். "படலை! உச்சிப்பிள்ளையார் சத்தியமா படலை!" என்று மலைக்கோட்டையைப் பார்த்துக் கை நீட்டினேன்.

"பட்டுச்சுடா. வெளிய போ."

"நீ போய் வத்தக்குழம்பைக் கிளறு! ஆம்பளைங்க ஆட்டத்துல உனக்கென்ன வேலை?"

ஆற்று மணல் முழுக்கச் சிரித்தது. ஜரிகைத் துண்டு போட்ட கமிட்டித் தலைவர் கையில் கலர் பாட்டிலோடு எழுந்தார். "கூடப்பொறந்தவனே இல்லேங்கிறான். பொம்பளைக் கண்ணு, வெயில்ல கூசும். வேற ஆளைப் போடுங்கப்பா."

"உங்க கண்ணு எங்கங்க இருந்துச்சு? பாட்டிலுக்குள்ளயா?" என்று கேட்டாள் அக்கா. அவள் படியேறிப் போய்விட்டாள். வேறு ஆள் வந்து, நான் அவுட் இல்லை என்று சொல்லி மறுபடி ஆட வைத்து ஊதினார். நாங்கள் கப் வாங்கினோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். அந்தத் தோள்களை இன்றைக்கும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. மேலே உட்கார்ந்திருந்தவனை முதலில்.

சாயங்காலம் அவள் மஞ்சள் குழைத்து என் கால்களில் பூசினாள். எந்த மாட்ச் முடிந்தாலும் செய்வதுதான். மறுநாள் காலையில் விசில் இல்லை. அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்துக்குள் கிடந்தது. "சாப்பிட வாங்க" என்று வாயால் கூப்பிட்டாள். அவ்வளவு மரியாதை! பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். மாமியார்கூட அத்தானிடம், "ஏன்டா, அந்தச் சனியனை ஊதச் சொல்லேன்" என்றார். அவள் ஊதவில்லை. நாலு வருஷம்.

நாலாம் வருஷம் எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாள் காலையில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே நின்றவள், "கடலை உருண்டை மேல இருக்கு, நசுக்கிடாத" என்று பையை நீட்டினாள். பையை வாங்கிக்கொண்டு அவள் கையில் விசிலை வைத்தேன்.

"அக்கா, அன்னிக்குப் பட்டுச்சு."

அவள் விசிலைப் பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள். முகர்ந்தாள். வாயில் வைத்து இரண்டு முறை ஊதினாள், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி. கண்டக்டரின் ரைட் விசில் என்று நினைத்து டிரைவர் சட்டென்று வண்டியைக் கிளப்பினார். பின்படியில் டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர், "யாரும்மா அது?" என்று அலறினார். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? நகரும் பஸ்ஸோடு அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பாலத்தில் நாங்கள் ஓடியதைப் போலவே.

"எடது கணுக்கால், உள்பக்கம். நகக் கீறல். மஞ்சப் பூசினது யாருன்னு நெனச்ச? போ, வேளைக்குச் சாப்பிடு. தலையை உள்ள இழுடா, அவுட் குடுத்துருவேன்!"