ஜட்ஜ் ஐயாவின் காரை நான் துடைத்த விதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

மேலே இரண்டு இடத்தில் அடித்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அலுவலகக் கடிதம் போல இருந்தது. பிறகு 'தம்பி' என்று எழுதினேன். அது நான் ஏதோ பெருந்தன்மை காட்டுவது போல இருந்தது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து, மந்திரி முதல் மண்வெட்டி சப்ளை செய்பவர் வரைக்கும் கடிதம் எழுதியவனுக்கு, சொந்த மகளின் கணவரை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. ஐந்து வருடமாக அழைக்கவே இல்லையே, எப்படித் தெரியும்?

இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து பார்வை தெளிந்துவிட்டது. அதனால் எனக்குத்தான் நலமில்லை. இத்தனை நாள் மங்கலாகத் தெரிந்த என்னை இப்போது முழுசாகப் பார்க்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஐயா ஒருவர் தனியாகக் குடியிருக்கிறார். கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் குலுங்கக் கூடாது என்று தன் காரின் சாவியை அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். "பத்து நாள் பையன் வீட்ல இருப்பேன் சார், அதுவரைக்கும் வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத கார், சந்தன நிறத்தில் தோல் சீட்டு. அறுவை முடிந்து திரும்பி வரும்போது உங்கள் மாமியார் ஒற்றைக் கண்ணில் கட்டோடு, மடியில் பால் பிளாஸ்க்கோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மூடியை நான்தான் இறுக்கினேன். அதாவது, இறுக்கினேன் என்று சொன்னேன். குறுக்கே ஒரு நாய் வந்தது, நான் பிரேக்கை மிதித்தேன், நாய் தப்பித்தது, பால் தப்பிக்கவில்லை. அரை லிட்டர் பால் சீட்டில் வழிந்து கீழே விரிப்புக்குள் இறங்கிவிட்டது. அப்போதே அவள் சொன்னாள்: "ஏங்க, மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடுங்களேன். வண்டி சுத்தம் பண்றதுதானே அவரு தொழிலே?" நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கக் கூடாது. "துடைக்கிறதுக்கு ஒரு ஆளா? கையும் துணியும் இருந்தா போதாதா?" என்றேன்.

கையும் துணியும் இருந்தன. புத்திதான் இல்லை. அன்று துண்டை வைத்து அழுத்தித் தேய்த்தேன், மேலே இருந்த பாலும் உள்ளே போனது. மறுநாள் வெயிலில் கார் கதவைத் திறந்தால் பால் பண்ணையில் யாரோ செத்துப்போன மாதிரி ஒரு வாடை. அலசிவிட்டால் போச்சு என்று இரண்டு பக்கெட் தண்ணீரை உள்ளே ஊற்றினேன். ஊற்றிவிட்டு, தூசி படியக் கூடாதே என்று கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த நாள் கண்ணாடியில் உள்பக்கம் நீர் வழிந்தது, விரிப்பில் பூஞ்சை பூத்தது, ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு ஆள் பெரிய பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம். 'சாப்பிட்டு ஓய்வெடுக்கவும்' என்று கார் சொல்கிறது போலிருக்கிறது என்று எண்ணி நானும் போய்ச் சாப்பிட்டேன். பூஞ்சைக்கு ப்ளீச்சிங் பவுடரைக் குழைத்து அப்பினேன். பூஞ்சை போனது, கூடவே விரிப்பின் கறுப்பும் போய், அங்கே செம்மண் நிறத்தில் ஒரு வரைபடம் வந்தது. என் உத்தியோக காலத்தில் அவ்வளவு தெளிவான எல்லைக்கோடுகளை நான் பார்த்ததே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு இடத்தில் கெடுத்தோமே, மற்ற இடத்தையாவது பளபளவென்று ஆக்கி ஈடுகட்டுவோம் என்று தோன்றியது. டேஷ்போர்டில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைப் பூசினேன். அது முகம் பார்க்கும் கண்ணாடி போல ஜொலித்து, வெயிலை நேராக ஓட்டுபவர் கண்ணில் அடித்தது. கை தவறி ஸ்டீயரிங்கிலும் எண்ணெய் பட்டு, பிடித்தால் விலாங்கு மீன் மாதிரி நழுவியது. நடுவில் இருக்கிற அந்தத் தொடுதிரையில் விரல் ரேகைகள் இருந்ததால் பாத்திரம் தேய்க்கும் நாரால் சுத்தம் செய்தேன். ரேகைகள் போய்விட்டன. வழி காட்டும் படமும் போய்விட்டது. எந்த ஊரைக் கேட்டாலும் பனிமூட்டமாகக் காட்டுகிறது. கடைசியாகச் சீட்டு. பால் பட்ட இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, சந்தன நிறம் உரிந்து திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. தோல்தானே, செருப்பும் தோல்தானே என்று என் பழுப்பு ஷூ பாலிஷை எடுத்து நான்கு சீட்டுக்கும் அடித்து பிரஷ் போட்டேன். நிறம் பொருந்திவிட்டது. அன்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜட்ஜ் ஐயா ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார். அன்று வக்கீல்கள் கூட்டத்தில் அவர்தான் தலைமை விருந்தினர். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை. மாடிப்படியிலேயே சாவியை வாங்கிக்கொண்டு, "அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. கூட்டத்தில் அவர் பேசி முடித்துத் திரும்பியதும் சபை மொத்தமும் எழுந்து நின்றதாம். தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருக்கிறார். எல்லாரும் எழுந்தது எட்டிப் பார்க்கத்தான் என்பது வீட்டுக்கு வந்து, பின்பக்கம் பழுப்பாகிப்போன பேன்ட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்திருக்கிறது.

இனி எழுதப்போவதுதான், மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தின் காரணம். சாயங்காலம் அவர் கீழே வந்தார். கோபமே இல்லை. "என்ன சார் ஆச்சு வண்டிக்கு?" என்று மட்டும்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் உண்மை வந்திருக்கும். அந்த மென்மைக்கு முன்னால் என் நாக்கு, "பால் கொட்டிடுச்சுங்க ஐயா, சுத்தம் பண்ற கடையில விட்டேன், அவங்கதான் இப்படிப் பண்ணிட்டாங்க" என்றது. "எந்தக் கடை?" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே கடை நாற்சந்தியில் இருக்கிற உங்கள் கடைதான். ஐந்து வருடமாக அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில் பெயர்ப் பலகை எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லிவிட்டேன்.

"இப்படிப்பட்ட கடையைச் சும்மா விடக் கூடாது சார். நாளைக்கே நோட்டீஸ் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார். நான் திரும்பினால் சமையலறை வாசலில் உங்கள் மாமியார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அஞ்சு வருஷம் முன்னாடி அந்தப் புள்ளைய வாசல்ல நிக்கவச்சு, 'கார் துடைக்கிறவனுக்கா என் பொண்ணு'ன்னு கேட்டீங்க. இப்போ கார் துடைச்சது நீங்க, பழி அவருக்கா?" என்றாள். சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டாள். தட்டைப் பார்த்தேனே தவிர, சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையில், நோட்டீஸ் வருவதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பி வந்தேன். ஆம், வந்தேன். தலையில் தொப்பி, முகத்தில் உங்கள் மாமியாரின் ஆஸ்பத்திரிக் கறுப்புக் கண்ணாடி. கடையில் சீட்டு தைத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து, "அண்ணே, ஒரு பெரியவர் ஏதோ கேக்க வந்திருக்காரு" என்றார். ஒரு காருக்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "கேக்கச் சொல்லுங்கக்கா, காது சும்மாதான் இருக்கு" என்று டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து உங்கள் குரல் வந்தது. குரலை மாற்றிக்கொண்டு, "என் நண்பர் ஒருத்தர் காருக்குள்ள பாலைக் கொட்டிட்டாரு" என்றேன்.

"ஐயோ. தண்ணி ஊத்தலையே?"

"ரெண்டு பக்கெட்."

கால்கள் ஆடுவதை நிறுத்தின. "சரி, கதவு கண்ணாடியெல்லாம் திறந்துவச்சுக் காயவிட்டாரா?"

"தூசி வருமேன்னு மூடிட்டாரு."

"ஸ்கிரீன் ஏதாவது தொட்டாரா?"

"பாத்திரம் தேய்க்கிற நாரு."

உள்ளே ஏதோ கீழே விழுந்த சத்தம். பிரஷ்ஷாக இருக்கலாம். "சீட்டு?" என்றீர்கள், மிக மெதுவாக.

"ஷூ பாலிஷ்."

நீங்கள் சிரிப்பீர்கள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீங்களோ பாடம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னீர்கள்: "பால் கொட்டினா ஒத்தி எடுக்கணும் ஐயா, தேய்க்கக் கூடாது. தண்ணிய வண்டியில ஊத்தாம, துணியில தொட்டு ஈரமாக்கித் துடைக்கணும். எந்த மருந்தா இருந்தாலும் யாரு கண்ணுக்கும் படாத ஒரு மூலையில கொஞ்சம் போட்டுப் பாத்துட்டுத்தான் மத்த இடத்துல போடணும். ஸ்கிரீனுக்கு மெத்துனு ஒரு துணி, லேசா ஈரம், அவ்வளவுதான். எண்ணெய் வேண்டவே வேண்டாம்; வெயிலுக்குன்னு பளபளக்காத பூச்சு தனியா இருக்கு. பந்து வச்ச ஆளு மாதிரி சிவப்பு லைட்டு எரியுதா? அது ஏர்பேக். அது எரியும்போது ஓட்டாம மெக்கானிக்கிட்டக் காட்டச் சொல்லுங்க." பிறகு, "உங்க நண்பரைத் திட்டாதீங்க. அடுத்தவங்க பொருள் கெட்டுப்போச்சேன்னு பயந்து பயந்து செஞ்சிருக்காரு. பயத்துல துடைச்சா இப்படித்தான் ஆகும். வண்டியக் கொண்டுவரச் சொல்லுங்க, முக்கால்வாசி மீட்டுடலாம்" என்றீர்கள். சொல்லிக்கொண்டே காலை ஊன்றி வெளியே வர ஆரம்பித்தீர்கள். நான் ஓடிவிட்டேன். அறுபத்து நாலு வயதில் வீடு வரைக்கும் ஓடினேன். அந்த நண்பர் நான்தான், மாப்பிள்ளை.

ஓடிய வேகத்திலேயே மேல்மாடிக்கும் ஏறிவிட்டேன். நின்றால் தைரியம் போய்விடும். ஜட்ஜ் ஐயா பாதி நோட்டீஸ் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "என் முன்னாடி எத்தனையோ பேர் பொய் சொல்லியிருக்காங்க. மறுநாளே மூச்சிரைக்க ஓடிவந்து ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. "அதுக்காகத் தண்டனை குறையாது" என்றார். நடந்தது மொத்தமும் உங்களுக்கு எழுத வேண்டும், அவர் படித்துப் பார்த்த பிறகுதான் உறையில் போட வேண்டும். இதுதான் தீர்ப்பு. முதல் படியில் 'இருக்கையில் சேதம் ஏற்பட்டது', 'தங்கள் கடையின் பெயர் குறிப்பிடப்பட்டது' என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அடித்து, 'சேதப்படுத்தினேன்', 'குறிப்பிட்டேன்' என்று திருத்திக் கொடுத்தார். இது இரண்டாம் படி.

அவர் திருத்தாத ஒன்றை நானாகவே எழுதுகிறேன். அன்று வாசலில் நான் கேட்ட கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, நீங்கள் "சரிங்க, வரேன்" என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள். என் மகளும் உங்கள் பின்னால் போய்விட்டாள். துடைப்பது ஒரு வேலையா என்று கேட்டவன், ஒன்பது நாள் துடைத்துப் பார்த்துவிட்டேன். அது வேலைதான். எனக்கு வராத வேலை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதவே கை கூசுகிறது, நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. முடிந்தால் வந்து ஜட்ஜ் ஐயாவின் காரை எடுத்துச் செல்லுங்கள். நான் இனி என் ஆயுசுக்கும் எந்த வண்டிப் பக்கமும், எந்தத் துடைக்கும் துணிப் பக்கமும் கை நீட்டமாட்டேன். இது சத்தியம்.

உங்களிடம் அழுக்கோடு வருகிற எல்லா வண்டியும், எல்லா மனிதர்களும் தெளிந்து திரும்பட்டும். உங்கள் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். என் மகளுக்கு என் ஆசிகளைச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதே வாசலில் மணி அடித்தது. நீங்கள் இருவரும் நிற்கிறீர்கள். உங்கள் மாமியார் பால் கொட்டிய அன்றே போன் செய்துவிட்டாளாம், தினமும் செய்தாளாம். நான் கடைக்குக் கிளம்பியதையும் முன்னாலேயே சொல்லிவிட்டாளாம். டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு நீங்கள் பேசியது யாரிடம் என்று தெரிந்துதான் பேசியிருக்கிறீர்கள். ஆகவே இந்தக் கடிதத்தில் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நீங்கள் கீழே சீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் எதிர்பார்த்தபடியே எனக்கு வாய் வரவில்லை, அதனால் இதை உங்கள் பையில் வைக்கிறேன். பையைத் திறந்தபோது மெத்தென்று இருபது துணிகள் அழுக்காகக் கிடந்தன. ஒரு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, துணிக்கு வாசனை தரும் திரவத்தை அரைப் புட்டி ஊற்றி ஊறவைத்துவிட்டேன். அந்தத் துணிகளுக்குச் சூடும் ஆகாது, அந்தத் திரவமும் ஆகாது, இனி அவை ஈரத்தை உறிஞ்சாது என்று என் மகள் இப்போதுதான் வந்து பார்த்துவிட்டுக் கத்துகிறாள். ஐந்து வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. "யாருப்பா இதை ஊறவச்சது?" என்று கேட்கிறாள். ஜட்ஜ் ஐயா என்று சொல்லத்தான் வாய் வந்தது. நான்தான் என்று சொல்லிவிட்டேன்.