ஒரு சைபர் கூடுதல்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பதிவேட்டில் பொய் எழுதியிருக்கிறேன். பொய் எழுதுகிறவர்கள் நிலம், வீடு, கம்பெனி என்று ஏதாவது கௌரவமான விஷயத்தில் எழுதுவார்கள். நான் ஒரு காலி சோடா பாட்டிலுக்கு எழுதினேன். அதுவும் நிலைத்தது பன்னிரண்டு மணி நேரம்தான். அதற்குள் வடலூரில் ஒரு நல்ல மனிதரின் குடும்பத்தில் சண்டையை மூட்டிவிட்டு, என் மாமனாரை மூன்று ஊருக்கு பஸ்ஸில் அலைய வைத்துவிட்டேன்.

எனக்குப் பழைய கோலி சோடா பாட்டில் சேர்க்கும் பழக்கம் உண்டு. கழுத்தில் ரப்பர் வளையமும் உள்ளே கோலிக் குண்டும் இருக்கும் அந்தப் பச்சைக் கண்ணாடி பாட்டில்தான். கம்பெனி பெயர் கண்ணாடியிலேயே பொறித்திருந்தால் விலை அதிகம். கழுத்து நீலமாக இருந்தால் இன்னும் அதிகம். சிரிக்காதீர்கள், இதற்கென்றே இணையத்தில் ஒரு சந்தை இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க என்னைப் போல் சில நூறு பேர் அதில் வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சந்தையின் உயிர்நாடி விலைப் பதிவு. விற்பவன் வாய்க்கு வந்த விலையைச் சொல்லலாம். ஆனால் கடைசியில் என்ன விலைக்குப் போனது, யார் விற்றார், யார் வாங்கினார் என்பதைப் பதிவில் ஏற்றியாக வேண்டும். புதிதாக வருகிறவன் அதைப் பார்த்துத்தான் ஏமாறாமல் வாங்குவான். எழுதியதை அழிக்க முடியாது. தப்பாகிவிட்டால் கீழேயே திருத்தமும் காரணமும் எழுத வேண்டும். இந்தப் பதிவை எழுதும் உரிமை மூன்றே பேருக்குத்தான். அதில் நான் ஒருவன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் லாக் புக் எழுதுகிறவன் என்பதால் நம்பிக்கையான ஆள் என்று பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். (பாவம், அவர்களுக்கு என் மாமனாரைத் தெரியாது.)

மாமாவுக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை. அதிகம் பேச மாட்டார். கல்யாணமான புதிதில் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஷோகேஸ் நிறைய பாட்டில்களை நிதானமாகப் பார்த்தார். “மாப்ள, சோடா கடை போடுற ஐடியா எதுனா இருக்குதா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் அதிகமாக வலித்தது. அவருடைய மூத்த மாப்பிள்ளை பேங்கில் அதிகாரி. எனக்கு எப்படியாவது இந்த மனிதர் வாயால் ஒரு தடவை “பரவால்லியே” என்று கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறியே வந்துவிட்டது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, என் மனைவி வசந்தி ஏழு மாதமாக இருந்தபோது, என்னிடம் இருந்த இரண்டு நீலக் கழுத்து பாட்டில்களில் ஒன்றை வடலூர் அருள்ராஜ் என்பவருக்கு நானூற்று ஐம்பது ரூபாய்க்கு விற்றேன். எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர், சாதுவான ஆள். பாட்டிலை வாங்கிக்கொண்டு எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் முதல் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, காலை ஐந்தரைக்கு அந்த விற்பனையைப் பதிவில் ஏற்றினேன். 450 என்று அடித்தேன். பார்த்தேன். எவ்வளவு அற்பமான எண்! பக்கத்தில் ஒரு சைபர் போட்டுப் பார்த்தேன். 4500. அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. இதை மாமாவுக்கு அனுப்பினால் என்ன? அவர் பார்த்ததும் திருத்திவிட்டால் போயிற்று. பதிவு செய்தேன், படம் பிடித்தேன், ‘நேத்து ஒண்ணு வித்தேன் மாமா’ என்று சர்வசாதாரணமாக ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். இதற்குள் பஸ் ஃபேக்டரி வாசலுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஃபேக்டரிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பிடிக்கும் சரக்கு உள்ள இடம். கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். நான் திருத்துவதை மறந்து போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். பத்து மணி வாக்கில் ஞாபகம் வந்தது. வெளியே ஓடிவர முடியுமா? சரி, சோடா பாட்டில்தானே, உலகம் என்ன முழுகிவிடப் போகிறது என்று இரண்டு மணிவரை சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குப் போனை வாங்கினால் நாற்பத்தியொரு தவறிய அழைப்புகள். முப்பத்தாறு அருள்ராஜ். நான்கு மாமா. ஒன்று வசந்தி. வசந்தியைக் கூப்பிட்டேன்.

“எங்க இருக்கீங்க? அப்பா வந்து உக்காந்திருக்காரு. கையில உங்க சோடா பாட்டிலு.”

“எந்த பாட்டிலு?”

“நேத்து வித்தீங்களாமே, அத வாங்கிட்டு வந்திருக்காரு. சீக்கிரம் வாங்க.”

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு, துண்டுக்குள் பாட்டில். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“மாப்ள, வசந்தி உண்டா இருக்குறா, செலவு இருக்கும்தான். அதுக்காக ஆசையா வச்சிருந்த சாமான விக்கணுமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? காலையில படத்த பாத்ததும் மனசே சரியில்ல. அதான் வடலூருக்கு நேரா போயி, அதே நாலாயிரத்து ஐநூற குடுத்து திருப்பிட்டேன்.”

நான் அனுப்பிய படத்திலேயே வாங்கியவரின் பெயரும் நம்பரும் இருந்திருக்கின்றன. வளைகாப்புக்கு வெள்ளி வளையல் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் என் சைபருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சும்மா இருந்திருந்தால் அன்றோடு நான் மெச்சத்தக்க மருமகனாகியிருப்பேன். அப்போதுதான் அந்த முப்பத்தாறு அழைப்புகள் ஞாபகம் வந்தன.

“மாமா, அந்த அருள்ராஜ் ஒண்ணும் சொல்லலியா?”

“அவன் ஒரு மாதிரி ஆளு மாப்ள. ‘நானூத்தம்பதுதான் குடுத்தேன், அதுக்கு மேல வாங்க மாட்டேன்’ங்குறான். அவன் சம்சாரம் அவன புடிச்சி ஏறுது. பணத்த அந்தம்மா கையிலதான் குடுத்தேன்.”

சொல்லிவிட்டேன். வசந்தி முன்னாலேயே சொன்னேன். சைபர் எப்படி வந்தது, எதற்கு வந்தது, யாருக்காக வந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வசந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பாட்டிலை மறுபடியும் துண்டில் சுற்றினார்.

“அப்ப அந்த ஆளு சொன்னது நெசம்” என்றார். “பொண்டாட்டி முன்னாடி அவன பொய்யனாக்கிட்டு வந்திருக்கோம். கெளம்புங்க மாப்ள.”

யூனிஃபார்மைக்கூட மாற்ற விடவில்லை. வடலூர் பஸ் ஏறினோம். வடலூரில் தைப்பூசக் கூட்டம் இல்லாத நாள் என்பதால் உட்கார இடம் கிடைத்தது. குறிஞ்சிப்பாடி வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் மடியில் அந்தக் கோலிதான் பேசிக்கொண்டு வந்தது.

அருள்ராஜ் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். (உள்ளே அனுமதி இல்லை என்று பிறகு தெரிந்தது.) என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை. அடிக்க வருவார் என்று நினைத்தேன். “ஸ்டெல்லா! அவரே வந்துட்டாரு! வந்து கேளு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் வெளியே வந்தார். கைகட்டி நின்று மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, திண்டாடிக்கொண்டிருந்த என்னை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

“காலையில இவரு போன்ல உங்க சந்தையிலேருந்து ஒரு மெசேஜ். ‘வாழ்த்துகள், இந்த மாதம் அதிக விலைக்கு வாங்கியவர் நீங்கள்தான்’னு. எனக்கு எப்பிடி இருக்கும்? இவரு பைபிள எடுத்துட்டு வந்துட்டாரு, சத்தியம் பண்றேன்னு. பொய்ச் சத்தியம் பண்ணி பாவத்த ஜாஸ்தி ஆக்கிக்க வேணாம்னு நான் பைபிள புடுங்கி பீரோவுல வச்சிப் பூட்டிட்டேன்.”

பிறகு மாமாவைக் காட்டினார். “எனக்குக்கூட ஒரு நிமிசம் சந்தேகம் வந்துச்சி, இவரு நெசத்தத்தான் சொல்றாரோன்னு. ஐயா வந்தாரு பாருங்க, அதோட போச்சி. ‘எங்க மாப்ள எழுதினதும்மா. அவரு ஒரு நாளைக்கு நூறு கணக்கு எழுதுறவரு. அவரு கையால தப்பு வராது’ன்னு நடு வீட்டுல நின்னு சொன்னாரு. புருசன் வார்த்தைய விட்டுட்டு இவரு வார்த்தைய நம்புனேன்.”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அருள்ராஜ் வீட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு “பரவால்லியே”வுக்காக ஒரு சைபரைத் திருடிக்கொண்டிருந்த அதே நாளில், முன்பின் தெரியாத வீட்டில் அந்த மனிதர் எனக்காகப் போராடியிருக்கிறார். என் முகத்துக்கு நேராக ஒரு நாளும் சொல்லாததை அங்கே சொல்லியிருக்கிறார். அழுதுவிட்டேன். யூனிஃபார்மில் ஒருவன் அழுவதைப் பார்க்கத் தெருவில் இரண்டு பேர் நின்றார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் பணத்தைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தார். மாமா பாட்டிலை அருள்ராஜ் கையில் வைத்தார். “மன்னிச்சிக்கங்க தம்பி. உங்க பொருளு, நீங்க குடுத்த வெலைக்கே உங்களோடது” என்றார். எல்லோருக்கும் காபி வந்தது. எனக்கும் வந்தது என்பதை நன்றியோடு இங்கே குறிப்பிடுகிறேன்.

காபி முடிந்ததும் அங்கேயே திருத்தம் போடச் சொன்னார் மாமா. ‘விற்ற விலை 450. தட்டச்சுப் பிழை’ என்று அடித்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“தட்டச்சு இன்னா பண்ணுச்சி மாப்ள?”

அழித்தேன். அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘விற்ற விலை 450. ஒரு சைபர் கூடுதலாகப் போடப்பட்டது. காரணம்: மாமனார் மெச்ச வேண்டும் என்று.’ அருள்ராஜ் சிரித்த சிரிப்பில் ஸ்டெல்லா டீச்சரும் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அன்று அதுதான் முதல் சிரிப்பு என்றார்கள்.

அந்த வரி இன்றும் பதிவில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறார்களாம். அதன் பிறகு சந்தையில் ஒரு விதியும் வந்தது: வாங்கியவரும் ஒப்புக்கொண்டால்தான் விலை பதிவாகும். அந்த விதியை என் மாமனார் வீட்டிலும் அமலுக்குக் கொண்டுவருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மகள் பிறந்தபோது கடலூர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து மாமாவுக்குப் போன் செய்தேன். “பொண்ணு மாமா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கொழந்த மூணு கிலோ இருநூறு!”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோசம் மாப்ள. பக்கத்துல நர்சம்மா இருந்தா போன குடுங்க.”

“எதுக்கு மாமா?”

“எடைய அவுங்களும் ஒரு தடவ சொல்லிரட்டும்.”

நர்ஸ் சொன்னார். மூன்று கிலோ இருநூறுதான். “பரவால்லியே” என்று மாமா சொன்னது, நர்ஸ் காதிலிருந்த போனிலிருந்து எனக்கே கேட்டது. மகளுக்கு இப்போது எட்டு வயது. அஞ்சே நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நான் போனில் சொன்னால், “நர்ச கூப்புடுங்கப்பா” என்கிறாள்.