தயக்கமானி

அந்தக் கடைத்தெருவுக்கு நீங்கள் காலையில் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தால் கடை பூட்டியிருக்கும். ரொட்டி வாங்கப் போயிருந்தாலும் பூட்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போயிருந்தாலும் பூட்டு. கடைக்காரர்கள் அத்தனை பேரும் தெருக்கோடியில் ஒரு மாடிப்படியில் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தார்கள். எதற்கு? தங்கள் கடையில் ஏன் வியாபாரமே ஆகவில்லை என்று தெரிந்துகொள்வதற்கு!

மாடியில் இருந்தவர் பெயர் தயக்கந்தீர்த்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது. கடைக்காரன் முன்னேறாததற்கு வாடகையோ, விலைவாசியோ, எதிரே முளைத்த பெரிய கடையோ காரணம் இல்லையாம். உடம்புக்குள் தயக்கம் சளி மாதிரி கட்டிக்கிடக்கிறதாம். அதை அளந்து, கரைத்து, வெளியே எடுத்துவிட்டு, காலியான இடத்தில் ஓர் இலக்கை வைத்து அனுப்புவாராம். பல் டாக்டர்கூட இவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்.

அறையின் நடுவில் ஒரு கனத்த திரை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாற்காலி. ஊரார் தயக்கம் கண் வழியாக அவருக்கு ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் திரை. குரல் வழியாகவும் ஒட்டுமாம்; அதனால் அறைக்குள் யாரும் வாய் திறக்கக்கூடாது. தோல் வழியாகக் கசியுமாம். அதனால் வெள்ளைக் கையுறை. கையுறையை வாசலில் அவருடைய மச்சான் விற்றான். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாது. தான் போட்டதையே மறுமுறை போடவும் கூடாது. அங்கே போனவர்களில் கண்கூடாக முன்னேறியது மச்சான் ஒருவன்தான்.

இப்படி எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்கிற மனிதர் ஊர்த் தயக்கத்தை எப்படித் தீர்ப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் தயக்கம்.

திரையில் ஒரு துளை. அதற்குள் கையுறை போட்ட கையை நீட்ட வேண்டும். வாசலிலிருந்து மச்சான் வந்தவருடைய தொழிலை மட்டும் கத்திச் சொல்வான். அந்தப் பக்கம் தயக்கந்தீர்த்தார் ஒரு நூலில் கட்டிய பித்தளைக் குண்டை உள்ளங்கைக்கு மேலே பிடிப்பார். அதுதான் தயக்கமானி. குண்டு எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு தயக்கம். நூற்றுக்கு எத்தனை என்று அவர் சொல்வார், ஆள் வியர்த்துப்போவார்.

முடிதிருத்துபவருக்கு எழுபத்தொன்று வந்தது. இலக்கு, ஒரு நாளைக்கு ஆயிரம் தலை. பாவம், மனுஷனுக்கு இருப்பது இரண்டு கை. வாய் தவறி, "அது எப்படிங்க ஐயா?" என்று கேட்டுவிட்டார்.

"பாத்தியா! எப்படின்னு கேக்க வச்சது யாரு? நீயா கேட்ட? உள்ள இருக்கிற தயக்கம் கேட்டுச்சு. நாளைக்கு மறுபடி வா."

மறுநாள் புதுக் கையுறையோடு வந்தார். ரொட்டிக்கடைக்காரருக்கு ரொட்டியை விமானத்தில் அனுப்பும் இலக்கு. சைக்கிள் கடைக்காரருக்கு, உலகத்தில் ஒரு டயர்கூட அவர் கை படாமல் ஓடக்கூடாது. ஆளுக்கொரு இலக்கோடு பூரித்துப்போய் இறங்கினார்கள். கடையைத் திறக்கத்தான் நேரம் இல்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் தையற்கடைக்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார். அவர் கதைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

நல்ல தையற்காரர். இரண்டு தடவை அளந்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுவார். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவரைத் தேடி ஆர்டர் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சீருடை. இதற்கு முன்னால் அவ்வளவு பெரிய வேலையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. முடியுமா முடியாதா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தயக்கம் வந்தது. யாருக்குத்தான் வராது? நேரே மாடிப்படி ஏறிவிட்டார்.

எண்பத்தெட்டு வந்தது. அது பூஜ்யமாகிற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சரி என்று சொல்லக்கூடாதாம். அதுவரை ஒரு பயிற்சி. "அளக்காம வெட்டு. அளவுநாடா என்னன்னு நெனச்ச? தயக்கத்தோட தொப்புள்கொடி. அறுத்து எறி!"

அறுத்து எறிந்தார். அடுத்து வெட்டியது ஒரு வக்கீலின் கோட்டு. வலது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. இடது கை விரல்நுனியைத் தாண்டிப் போய்த் தொங்கியது. வக்கீல் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். கோர்ட்டில் எல்லார் மேலும் வழக்குப் போடுகிறவருக்கு யார் மேல் போடுவது என்றே தெரியவில்லை.

அன்று கடையைச் சாத்திவிட்டுத் தையற்காரர் வெட்டுமேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"இந்தத் தொழிலுக்கே நான் லாயக்கில்ல. ஒரு கோட்டு வெட்டத் துப்பில்லாதவன் பள்ளிக்கூடத்துக்குத் தைக்கப்போறேனாம்."

கடையில் பாதி வேலை அவர் மனைவியுடையது. பொத்தான், காஜா, ஓரம் அடிப்பது எல்லாம் அவள் கை. அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இத்தனை வருஷத்தில் ஒரு துண்டுத் துணியை வீணாக்காத மனிதர், தன் கையைத் தானே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே!

"ஏங்க, கோட்டு ஏன் கெட்டுச்சு? அளக்காததாலதானே? அளந்திருந்தா சரியா வந்திருக்கும்ல?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. அவருக்குக் கை நீட்டினாலே உள்ள இருக்கிறது தெரியுது."

"அப்படியா? கை மட்டும் போதுமா?"

"கை மட்டும் போதும்."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் சட்டை மாட்டிய பொம்மை ஒன்று நின்றுகொண்டிருந்தது. துணிமணி மாட்ட வசதியாக அதற்குக் கை தனியாகக் கழன்று வரும்.

மறுநாள் காலை அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கணவரோடு மாடி ஏறினாள். வாசலில் மச்சானிடம் கையுறை வாங்கினாள்.

"யாருக்கும்மா?"

"எங்க கடையில வாசல்லயே நிக்கிறாரே, அவருக்கு. வாயே திறக்கமாட்டாரு."

"உள்ள போங்க. ஐயா, தையற்கடை!"

உள்ளே சுவரோரம் பத்துப் பதினைந்து பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, போர்வைக்குள்ளிருந்து பொம்மைக் கையை எடுத்து, கையுறையை மாட்டி, துளைக்குள் நீட்டினாள். பார்த்தவர்கள் வாய் பிளந்தது. ஆனால் பேசக்கூடாதே! தையற்காரர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் நடுங்கி வந்தது.

"தொண்ணூத்தி நாலு! ஐயோ! இது இன்னிக்கு நேத்து வந்த தயக்கம் இல்ல. சின்ன வயசுல உன்ன ஒருத்தர் மட்டம் தட்டியிருக்காரு. யாரு? அப்பாதானே?"

பொம்மை மறுக்கவில்லை.

"ரத்தம் கொதிக்குது, எனக்கு இங்க வரைக்கும் சூடு தெரியுது. விரலை மடக்கு. மடக்குப்பா! மடக்கமாட்டேங்குது பாரு. பிடிவாதம்! இந்தப் பிடிவாதம்தான் உன்ன ஒரே இடத்துல நிறுத்தி வச்சிருக்கு."

இதை மட்டும் சரியாகச் சொன்னார். சுவரோரம் முடிதிருத்துபவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

"அழு. நல்லா அழு. அழறது எனக்குக் கேக்குது. இந்தா, உன் இலக்கு. வருஷம் முடியறதுக்குள்ள நீ நூறு கடைக்கு முதலாளி!"

அவள் கையை விட்டுவிட்டாள்.

தொப்பென்று விழுந்தது. தயக்கந்தீர்த்தார் தம் காலடியில் ஒரு மனிதக் கை கிடப்பதைப் பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் தெருவில் கட்டியிருந்த நாய் குரைத்தது. எழுந்து ஓடப்போனவர் திரையில் சிக்கி, திரையோடு இந்தப் பக்கம் வந்து விழுந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கைகூப்பினார்.

"பொம்மைக்கே தொண்ணூத்தி நாலு இருக்குன்னா, நமக்கெல்லாம் எவ்வளவு இருக்கும்! ஐயா கண்ணுக்கு எதுவும் தப்பாது!"

விழுந்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, கடையில நிக்கிற பொம்மைக்கு முதலாளியோட தயக்கம் ஏறிக்கும்" என்று பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் தலையாட்டவும் ஆரம்பித்தார்கள்.

அவள் அசரவில்லை. கீழே கிடந்த பித்தளைக் குண்டை எடுத்து, சுவரில் காலண்டர் மாட்டிய ஆணியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். ஆட்டம் நிற்கும் வரை பொறுத்தாள்.

"அண்ணே, உங்க கையை இதுக்குக் கீழ நீட்டுங்க."

ரொட்டிக்கடைக்காரர் நீட்டினார். குண்டு அசையவில்லை. முடிதிருத்துபவர் நீட்டினார். அசையவில்லை. சைக்கிள் கடைக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். குண்டு தூங்கிவிட்டது.

"இப்ப நீங்க பிடிங்க" என்று தயக்கந்தீர்த்தாரிடம் கொடுத்தாள். எல்லாரும் சூழ்ந்து நின்று குண்டைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்த்தார்கள். கீழே யார் கையும் இல்லாமலே குண்டு வெறும் தரைக்கு மேலே கிறுகிறுவென்று சுற்றியது.

"தரைக்கு எவ்வளவுங்க ஐயா?" என்றார் முடிதிருத்துபவர்.

தயக்கந்தீர்த்தார் பதில் சொல்லத் தயங்கினார். மச்சான் தயங்கவில்லை, கையுறை மூட்டையோடு எப்போதோ படியிறங்கிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை தையற்காரரும் மனைவியும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அதற்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து "எப்படி, எப்படி" என்று நூறு தடவை கேட்டுக்கொண்டார்கள். எத்தனை மெஷின் இருக்கிறது, இரண்டு பேர் கை எவ்வளவு தைக்கும், எது முடியாது.

"சட்டை மட்டும் நாங்க தைச்சுத் தர்றோம்மா, சின்னப் பிள்ளைங்களுது முதல்ல. மத்ததை வேற கடைக்குக் குடுத்துடுங்க" என்றார் தையற்காரர். சொல்லும்போது குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன? தலைமையாசிரியை, "எல்லாத்தையும் முடிச்சுடுவோம்னு சொன்ன மூணு பேர்கிட்ட, எப்படின்னு கேட்டேன். ஒருத்தருக்கும் பதில் தெரியல" என்று சொல்லி ஆர்டரை அவர் கையில் கொடுத்தார்.

கடைக்காரப் பெருமக்களே, உங்கள் தயக்கத்தைப் போக்க இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள். தயங்குகிறவன் யோசிப்பான், யோசிக்கிறவன் கேட்பான். அதனால்தான் அவர்கள் முதலில் அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். ஆனால் உங்கள் மடமையைப் போக்குகிறேன் என்று ஒருவனும் கடை விரிக்கமாட்டான். அது போய்விட்டால் அவன் பிழைப்பு என்னாவது? அதை மட்டும் நீங்களே போக்கிக்கொள்ளுங்கள்.