ஓவனுக்குப் புகை காட்டிய வரலாறு

தமிழ் வகுப்புக்கு ஓர் அறை வேண்டும். நடந்த அனைத்துக்கும் காரணம் இந்த எளிய ஆசைதான்.

1991இல் நான், புலம்பெயர்ந்து வந்த வெள்ளைக்கார நாட்டில், கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தேன். வகுப்பு நடந்தது ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில். பிள்ளைகள் அரிசி மூட்டைகளில் உட்கார்ந்து, கருவாட்டு மணத்தில் அகரம் எழுதினார்கள். கடைக்காரர் தங்கமான மனிதர். ஆனால் மூட்டை விலைப்பட்டால் அதன்மேல் இருக்கிற பிள்ளை எழும்பத்தான் வேண்டும்.

எங்கள் பகுதிக் கவுன்சிலின் சமூக நிலைய மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. எந்தக் கவுன்சில் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் வழக்கறிஞர்கள் உண்டு. அறையைக் கேட்டோம். அறை சும்மா கிடப்பது உண்மைதான், ஆனால் சும்மா கிடக்கிற அறையைச் சும்மா கொடுக்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். அந்த ஆண்டு 'வீட்டில் சுடுவோம், கூடிக் கொண்டாடுவோம்' என்றொரு வாரத்தைக் கவுன்சில் பிரகடனம் செய்திருந்தது. ஒவ்வொரு சமூகமும் ஒரு வீட்டில் கூடி, உள்ளே பழம் வைத்து மடித்த டேர்னோவர் என்னும் பண்டத்தைச் சுட்டு மகிழ வேண்டும். பல்லின நல்லிணக்க அலுவலர் நேரில் வந்து, போதிய அளவு மகிழ்கிறார்களா என்று பார்வையிடுவார். நன்றாக மகிழ்ந்தவர்களுக்கு அறை.

ஏன் டேர்னோவர் என்று நாங்கள் கேட்கவில்லை. விசாவுக்கு வருடக்கணக்காகக் காத்திருந்த சனம், அரசாங்கத்திடம் ஏன் என்று கேட்டுப் பழகியதில்லை.

உடனே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை தொண்டையைச் செருமினார்.

"டேர்னோவர் எண்டால் என்னெண்டு ஆருக்கும் தெரியுமோ?"

"எங்கடை பற்றிஸ் மாதிரித்தான் அண்ணை, உள்ளுக்கை இறைச்சிக்குப் பதிலாய் அப்பிள்," என்றேன்.

"அப்ப அது எங்கடை சாமான். வெள்ளைக்காரன் கொண்டு போயிட்டான்."

இது தீர்மானமாக ஏகமனதாய் நிறைவேறியது. பின்னர் ஒரு டேர்னோவர் உபகுழு அமைக்கப்பட்டது. உறுப்பினர் அனைவரும் ஆண்கள். தேநீர் போடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அவரே செயலாளர். சுடும் பொறுப்பு மட்டும் தலைவரின் மனைவி கலாவதி அக்காவிடம், அவர் கூட்டத்தில் இல்லாதபடியால், மிக இலகுவாக ஒப்படைக்கப்பட்டது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை உபகுழு வேட்டி சால்வையோடு தலைவர் வீட்டுக் குசினியில் கூடியது. அக்கா மாவை உருட்டி மூடிவைத்துவிட்டு, சேலை மாற்ற மேலே போயிருந்தார். சமையல் புத்தகத்தில், முதலில் ஓவனைச் சூடாக்கவும் என்று போட்டிருந்தது. சூடாக்குவது என்றால் தொடக்கி வைப்பது. தொடக்கி வைப்பது என்றால் தலைவர். தலைவர் என்றால் உரை. இதில் எந்தப் படியிலும் எங்களால் பிழை காண முடியவில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை குமிழைத் திருகினார். கைதட்டினோம். படம் எடுத்தோம். பிறகு அவர் சிந்துவெளியில் உரையைத் தொடங்கினார்.

எங்கள் வீடுகளில் ஓவன் என்பது என்ன என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது ஓர் அலுமாரி. அதற்குள் பொரிக்கிற தாச்சி இருக்கும், தோசைக்கல் இருக்கும், கறி போட்டு வைக்கவென்று கழுவிச் சேர்த்த ஐஸ்கிறீம் டப்பாக்கள் இருக்கும், பிறகு உதவும் என்று மடித்து வைத்த பொலித்தீன் பைகள் இருக்கும். இது அந்த நாட்டில் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியும். உபகுழுவுக்குத் தெரியாது.

உரை சோழர் காலத்தை அடைந்தபோது ஒரு மணம் வந்தது. கண்டி இராச்சியத்துக்கு வந்தபோது புகை வந்தது. தலைவர் நிறுத்தவில்லை. புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. அதையும் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

அலுவலரின் பெயர் மிஸ் பென்னெட். நல்ல மனம் படைத்தவர். பிற பண்பாடுகளை மதிப்பது எப்படி என்று அரைநாள் பயிற்சி பெற்றவர். குசினி நிறையப் புகை, ஓயாத மணியோசை, வேட்டி கட்டிய ஆண்கள், நடுவில் ஒருவர் ஏதோ ஓதுகிறார். மிஸ் பென்னெட் சத்தமில்லாமல் சப்பாத்தைக் கழற்றினார். கைகூப்பினார். கண்களை மூடினார்.

கொஞ்ச நேரத்துக்குப் பின், "இது சுத்திகரிப்புச் சடங்கா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அரிசி மூட்டைகளை நினைத்தேன்.

"ஓம், மிகப் பழமையானது," என்றேன்.

படிகளில் இறங்கிவந்த கலாவதி அக்கா ஒரு பார்வையில் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார். ஓவனை அணைத்து யன்னலைத் திறந்தார். உள்ளே டப்பாக்கள் பச்சையும் வெள்ளையுமாய் உருகி வழிந்திருந்தன. தாச்சி மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் நின்றது.

"இஞ்சாருங்கோ," என்றார் கணவரிடம், சிரித்த முகம் மாறாமல். "இவ போகட்டும். உங்களுக்கு இருக்கு."

பிறகு தாச்சியை இழுத்துக் கழுவி, அடுப்பில் வைத்து, எண்ணெயை ஊற்றினார். அப்பிளைச் சீனியும் ஏலக்காயும் கஜுப் பருப்பும் போட்டுப் பிரட்டினார். மாவை வட்டமாக வெட்டி, மடித்து, ஓரத்தைப் பற்றிஸுக்குச் செய்வதுபோல் அழுத்தி, பொன்னிறமாகப் பொரித்தெடுத்தார்.

மிஸ் பென்னெட்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "டேர்னோவரை ஓவனில் அல்லவா சுடுவார்கள்?"

"மாஸ்ரர், சொல்லுங்கோ," என்றார் அக்கா என்னிடம். "எங்கடை முறையிலை ஓவனுக்குப் புகை மட்டுந்தான் காட்டுறது. சுடுறது எண்ணெயிலை."

மொழிபெயர்த்தேன். மிஸ் பென்னெட் அதை எழுதிக்கொண்டார். பிறகு ஐந்து டேர்னோவர் சாப்பிட்டார். வாசலில் சப்பாத்தைப் போடும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பக்தியா பொலித்தீனா என்று சொல்ல முடியாது.

அறை கிடைத்தது! அன்று நான் அடைந்த சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை. கரும்பலகை, கதிரைகள், பெரிய யன்னல். கருவாட்டு மணம் கொஞ்சமும் இல்லை.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நிபந்தனை இருந்தது. அருகிவரும் இந்தத் தூபச் சடங்கைக் காப்பாற்றும் பொருட்டு, சனிக்கிழமை தோறும் அந்த அறையில் பாரம்பரிய டேர்னோவர் வகுப்பு நடத்தப்பட வேண்டும். அதற்கென ஓர் ஓவனையும் கவுன்சிலே தந்தது. புகைக்கு விசேட அனுமதி. தீயணைப்புக் கருவியோடு பாதுகாப்பு அலுவலர் ஒருவர் நிற்பார், சப்பாத்துக் கழற்றிய நிலையில். நேரம் காலை முதல் மாலை வரை. தமிழ் வகுப்பு விரும்பினால் அறைக்கு வெளியே உள்ள ஒடுங்கிய ஓடைவழியில் நடத்தலாம்.

அறையிலும் இடம் போதவில்லை. வெள்ளைக்காரர் வந்தார்கள். அவர்கள் வருகிறார்கள் என்று அறிந்ததும் எங்கள் ஆட்கள் வந்தார்கள். கலியாண வீடுகளில் லட்டு நின்றுபோய் டேர்னோவர் வந்தது. பிளேஸ்டோவில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், "புகை காட்டிப்போட்டுத்தானே சுட்டனீங்கள்?" என்று உறுதிப்படுத்திய பிறகே வாயில் வைத்தார்களாம். புகைக்கு வனிலா ஐஸ்கிறீம் டப்பாதான் முறை என்று ஒரு கட்சியும், எந்த டப்பாவும் ஆகும் என்று ஒரு கட்சியும் கிளம்பின. வனிலாக்காரர் பிரிந்துபோய் செவன் கிங்ஸ் பகுதியில் தனிச் சங்கம் தொடங்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை சடங்கின் வரலாற்றைப் பற்றி ஊரூராகப் பேசினார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மையாகிவிட்டது.

கலாவதி அக்கா மட்டும் அந்த டேர்னோவர் வகுப்பை எட்டியும் பார்க்கவில்லை. புது ஓவன் வாங்கி, அதற்குள் தாச்சியை வைத்துவிட்டார்.

ஆண்டு இறுதியில் ஓடைவழியில் கட்டுரைப் போட்டி வைத்தேன். தலைப்பு, எமது பாரம்பரியம். தலைவரின் மகள் நீலவேணி எழுந்து வாசித்தாள். "Uncle, I'm nervous," என்றே வழக்கமாகத் தொடங்குகிற பிள்ளை, அன்று ஒரு முழுப் பக்கத்தையும் தமிழில் தடுமாறாமல் வாசித்தாள். 'எமது முன்னோர் அறுவடை முடிந்ததும் ஓவனுக்குப் புகை காட்டி, பின்னர் டேர்னோவர் பொரித்து உண்டனர். இதைப் போற்றிக் காப்பது எமது கடமை.'

முன்வரிசையில் தலைவர் கண்ணைத் துடைத்தார். மிஸ் பென்னெட் வெறுங்காலோடு நின்று கேட்டார். நான் சிவப்புப் பேனையைத் திறந்தேன். அப்போது, மகள் வாசிப்பதைக் கேட்க வந்திருந்த கலாவதி அக்கா என் பக்கம் குனிந்தார்.

"மாஸ்ரர், என்ரை பிள்ளை இவ்வளவு தமிழ் எழுதினது இதுதான் முதல்தரம். வெட்டிப்போடாதேங்கோ."

திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். தமிழில் ஒரு பிழையும் இல்லை. நூற்றுக்கு நூறு போட்டேன்.

அந்தக் கட்டுரை இப்போது எங்கள் சங்கத்துப் பாடப்புத்தகத்தில் மூன்றாவது பாடம். சனிக்கிழமை தோறும் நான்தான் படிப்பிக்கிறேன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு.