பதினேழாம் பக்கத்து முழங்கை

அன்புள்ள அண்ணன் மகனுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நாற்பத்தொரு கிளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பொன்விழாப் புத்தகம் கிடைத்தது. கூரியர்காரர் மாடியேறி வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிய பிறகுதான் கையெழுத்துக் கேட்டார். நல்ல காகிதம், நல்ல அச்சு. மரியாதைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பதினேழாம் பக்கத்தில், நம் முதல் ஐஸ்கிரீம் கடை முன்னால் உன் அப்பா கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறது. அதன் வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, பார்த்தாயா? அது நான். திறப்புக்கு முந்தின நாள் அது. பெயர்ப் பலகைக்கு ஆணி அடித்து முடிக்கவில்லை, அதற்குள் புகைப்படக்காரர் வந்துவிட்டார், நீ கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிடா என்றார் அண்ணன், நானும் ஸ்டூல் மேல் ஏறிப் பிடித்தேன். அசல் படம் என் அலமாரியில் இருக்கிறது. அதில் நான் முழு ஆளாக, வாயில் இரண்டு ஆணியோடு நிற்கிறேன். புத்தகத்தில் என்னை வெட்டிவிட்டு முழங்கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். அதுவும் என் மேல் உள்ள பிரியத்தால் அல்ல, அதை வெட்டினால் பலகையின் கடைசி எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்பதால்.

புத்தகத்தை எழுதிய அம்மையாரை நீதான் என்னிடம் அனுப்பினாய். நாலு மணி நேரம் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார், இரண்டு தடவை டீ குடித்தார், அப்படியா ஐயா, அப்படியா ஐயா என்றார். கடைசியில் நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் ‘உதவியவர்கள்’ என்று ஒரு தலைப்புப் போட்டு, தண்ணீர் லாரிக்காரருக்கும் எலி பிடிக்க வந்தவருக்கும் நடுவில் என்னை நிற்க வைத்திருக்கிறார்.

சரி, என்னை விடு. நடந்ததையாவது நடந்த மாதிரி எழுதக் கூடாதா? ‘குளிரும் சூடும் ஒரே கூரையின் கீழ் என்ற நிறுவனரின் தொலைநோக்கு’ என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. என்ன தொலைநோக்கு? இழுத்து மூடின ஒரு உணவகத்தில் பழைய ஐஸ்கிரீம் மெஷின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு நானும் அண்ணனும் வாங்கப் போனோம். மெஷினை மட்டும் தர மாட்டேன், இந்தப் பொரிக்கிற தொட்டியையும் தூக்கிட்டுப் போனாத்தான் தருவேன், எனக்கு இடத்தைக் காலி பண்ணணும் என்று அந்த ஆள் ஒற்றைக் காலில் நின்றார். தூக்கிக்கொண்டு வந்தோம். வந்த பிறகு, சும்மாக் கிடக்கிறதே என்று அதில் உருளைக்கிழங்கைப் போட்டோம். அதுதான் தொலைநோக்கு. அந்த ஆளிடம் மாவு அரைக்கிற இயந்திரம் இருந்திருந்தால் இன்றைக்கு நீ நாற்பத்தொரு மாவு மில்லுக்கு நிர்வாக இயக்குநர்.

இருபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நம் கோனில் ஐஸ்கிரீம் சுருள் இடது பக்கம் சாய்ந்து நிற்பது ஏன் என்பதற்கு, நிறுவனர் ஒரு நாள் மாலை மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உதித்த எண்ணம் என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் மலை எங்கேயப்பா இருக்கிறது? குடிநீர்த் தொட்டியை விட்டால் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி அங்கே எதுவுமே கிடையாது.

நடந்தது இதுதான். கடையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதனால் மெஷினும் தொட்டியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. திறப்பு நாள் காலை, முதல் தட்டு உருளைக்கிழங்கை எடுக்கும்போது கூடை நழுவி என் வலது கையெல்லாம் எண்ணெய். மருந்துக் கடைக்காரர் ஓடி வந்து கட்டுப் போட்டார். வாசலில் வரிசை நிற்கிறது. உன் அப்பாவோ பெரிய மனிதர்களை அழைத்து வரப் போனவர் போனவர்தான். நான் என்ன செய்வேன்? கோனை இடது கையில் பிடித்தேன், வலது முழங்கையால் மெஷின் கைப்பிடியை அழுத்தினேன், சுற்றினேன். சுருள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் நூறு கோனுக்கு மேல் இப்படியே. சந்தேகம் இருந்தால் உன் சித்தியைக் கேள், பக்கத்திலேயே நின்றாள், பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சாயங்காலம் புதுச் சட்டையோடு வந்து சேர்ந்த உன் அப்பா கோனைப் பார்த்துவிட்டு, “என்னடா இது, கோணலா இருக்கு? யாரு கண்ணுலயும் படாம குடு” என்றார். நிறுவனர் திருவாய் மலர்ந்தது இதுதான், இதை எழுதச் சொல். மறுநாள் வந்த ஜனங்கள் எல்லாரும் நேற்று மாதிரி சாஞ்சதுதான் வேணும் என்று நின்றார்கள். சாய்ந்திருந்தால் நிறையக் கொடுத்த மாதிரி தெரியுமாம்.

போன வாரம் எங்கள் தெருமுனைக் கிளைக்குப் போய், அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, அது மலையைப் பாத்து வெச்சது. எங்களுக்கு டிரெய்னிங்லயே சொல்லித் தந்தாங்க” என்று சொல்லி, வாயைத் துடைத்துக்கொள்ள எனக்கு ஒரு காகிதம் கொடுத்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை தலைமைக் கடைச் சுவரில் இந்த மலைக் கதையைக் கல்லில் செதுக்கப் போகிறீர்களாம். புத்தகம் என்றால் கரையான் தின்னும், கல்லை எது தின்னும்? ஆகவே, கல்தச்சரை உடனே நிறுத்து. மலையை எடுத்துவிட்டு என் கையைப் போடு. இல்லாவிட்டால் விழாவுக்கு வர மாட்டேன். முன்வரிசையில் எனக்கென்று போட்டிருக்கிற நாற்காலியில் அந்த எலி பிடிக்கிறவரையே உட்கார வைத்துக்கொள். என் எண்பது வயசுக்கு நான் கேட்பது சொத்து இல்லை, பங்கு இல்லை, உள்ளதை உள்ளபடி ஒரு வரி. ஒருத்தர் உழைப்பை இன்னொருத்தர் பெயரில் எழுதுகிற வழக்கம் நம் குடும்பத்தில் வேண்டாம்.

வீட்டில் எல்லாருக்கும் என் ஆசிகள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கிளைகள் பெருகட்டும், மெஷின்கள் பழுதில்லாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி உன் சித்தியிடம் கொடுத்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. இரண்டு தடவை படித்தாள். பிறகு, “கட்டுப் போட்டதும் மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரை குடுத்தாரே, அதைப் போட்டுக்கிட்டு நீங்க பின்னறையில உருளைக்கிழங்கு மூட்டை மேல படுத்துத் தூங்கினீங்க. விளக்கு வைக்கிற வரைக்கும் நின்னு சுத்தினது யாரு?” என்று கேட்டாள். அவள் பிறவியிலேயே இடது கைக்காரி என்பது உனக்குத் தெரியும். நான் கண்ணை மூடியிருந்தேனே தவிரத் தூங்கவில்லை, அதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீ உதவி செய்தாய், யார் இல்லை என்றது என்று சொன்னேன். “உங்களைப் பத்தியும் புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்காங்க” என்றாள். ஆகவே, யோசித்துப் பார்த்ததில், மலை என்றே இருக்கட்டும். செதுக்கச் சொல். மலை நல்ல விஷயம், பார்க்கவும் அழகு, அது யாரிடமும் வந்து கணக்குக் கேட்காது. வெள்ளிக்கிழமை நான் வருகிறேன், தனியாக வருகிறேன். உன் சித்தியும் உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம், எதிரில் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். எழுதி முடித்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே மழை உண்டா? இங்கே காலையிலிருந்து மேகமூட்டமாக இருக்கிறது, ஆனால் பெய்யும் என்று சொல்ல முடியாது, நேற்றும் இப்படித்தான் இருந்தது, முந்தாநாளும் ஏறக்குறைய இப்படித்தான்