கல்யாணக் காருக்குச் சிவப்பு வயர்

கல்யாண வேலையில் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத இளவட்டம் ஒருவனைக் காட்டுங்கள், காலில் விழுகிறேன். அந்த ஒருவன் நான் இல்லை.

முப்பதுகளின் கடைசி. காரைக்குடி மோட்டார் ஷெட்டில் எனக்கு வேலை. ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்காக, காரின் கூரையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, உள்ளே கிராமபோனையும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் பொருத்தச் சொன்னார்கள். இரண்டையும் இணைக்க, கம்பிவலை உறை போட்ட கறுப்பு வயர் ஒன்று கூடவே வந்திருந்தது. கல்யாணக் காரில் கறுப்பா? (செட்டியார் வீட்டு ஆச்சி பார்த்தால் வயரோடு என்னையும் வெளியே எறிவார்.) கடைக்குப் போய், மஞ்சளா சிவப்பா என்று அரைநாள் யோசித்து, பட்டு நூல் சுற்றிய சிவப்பு வயரை வாங்கி மாட்டினேன். வண்டியை நிறுத்திவைத்துப் போட்டுப் பார்த்தபோது நாயனம் தேனாக ஒழுகியது.

எனக்குச் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. புதுவயல் மாமா தம் மகளை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார். "வயரு முறுக்குற பயலுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்குறது?" என்பது அவர் கேள்வி. காய்ச்சலில் படுத்திருந்தவரின் காதில் என் திறமை விழட்டும் என்று டிரைவர் மாணிக்கத்தைக் கெஞ்சி, பொழுது சாயும் நேரத்தில் புதுவயல் வழியாக விடச் சொன்னேன்.

ஓட்டத்தில் இசைத்தட்டு குதித்ததால் ஊசியைத் தூக்கி, தட்டையும் நிறுத்திவிட்டேன். பெட்டியை அணைக்கவில்லை. ரைஸ் மில்லைத் தாண்டியதும் தலைக்கு மேலே "பூ...ம்" என்று எழுந்தது. சாவுச் சங்கு! தட்டு சுற்றவில்லை, பாட்டு இல்லை.

"யாருடா ஊதுறது?" என்றார் மாணிக்கம்.

"நான் இல்லண்ணே!"

பயத்தில் அவர் வண்டியை விரட்டினார். விரட்ட விரட்டச் சங்கும் உச்சத்துக்கு ஏறியது. மெதுவாகப் போனால் முனகியது. சாலையில் ஒரு ஈ காக்காய் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. (இன்ஜினின் மின்சார இரைச்சல் வயர் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து குழாயில் ஊதாமல் தடுக்கத்தான் கறுப்பு வயருக்கு அந்தக் கம்பிவலை உறை என்பது பின்னால்தான் தெரிந்தது.)

சங்குச் சத்தம் கேட்டு மாமா வீட்டு வாசலில் கூட்டம். மாணிக்கம் இன்ஜினை அணைத்தார், சங்கும் நின்றது. அந்த அமைதி சங்கைவிட மோசம். பிறகு தெருப் பெண்கள் ஒப்பாரி வைப்பது கேட்டது. எமனை என் வண்டியிலேயே ஏற்றி வந்துவிட்டேன் என்று நானும் ஓவென்று அழுதேன்.

கதவு திறந்தது. கம்பளி போர்த்திய உருவம் ஒன்று வாசலுக்கு வந்து நின்றது. கூட்டம் சிதறி ஓடியது, மாணிக்கம்தான் முதலில். ஓட முடியாத பக்கத்து வீட்டுக் கிழவர் மட்டும் நின்றார்.

"யாருப்பா செத்தது?" என்றார் மாமா.

"நீகதான்னு பேசிக்கிட்டாக..."

சங்கு ஊதியும் பிழைத்தவருக்கு ஆயுசு கெட்டி என்றது ஊர். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. "எமனையே திருப்பி அனுப்புன பயடா. குடுத்துருவோம்" என்று மாமா பெண்ணைக் கொடுத்தார். அதன்பின் நான் எப்போது வண்டியைக் கிளப்பினாலும், "மாப்ளே, இன்னைக்கு யாருக்கு?" என்பார்.

வெகுகாலம் கழித்து அவர் உண்மையிலேயே இறந்தார். சங்கு ஊதினார்கள். ஒருத்தரும் வரவில்லை. 'மாப்ள வண்டிய எடுத்துருக்காரு' என்று அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுதுகொண்டே வீடு வீடாகப் போய், "இது என் வண்டி இல்ல, மாமா நெசமாவே போய்ட்டாக" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டுத்தான் அழுதார்கள்.